வீட்டுக் கணினியின் இயல்பு மின்னஞ்சல் நிரலை மாற்றுவது எப்படி?

ஓர் இணையப் பக்கத்தில் நீல நிறத்தில் தெரியும் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கியவுடன், நீங்கள் இதுவரை தொட்டே பார்க்காத ஏதோ ஒரு நிரல் திறந்து, கணக்கைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டு நிற்கிறது என்றால், உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. மின்னஞ்சல் எழுதும் வேலையை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்பதைக் கணினி தன் போக்கில் முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவை நீங்கள் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போன பிறகு, அவர்கள் விட்டுச் சென்ற கணினி பெற்றோர் கைக்கு வந்துசேர்வது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிப்பட்டவர்களையும் புதிதாகக் கணினி வாங்கியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். திரையில் தெரியும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், அவற்றின் ஒலிப்பை அப்படியே தமிழில் தருகிறேன்.

இயல்பு நிரல் செய்வதும் செய்யாததும்

இணையப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்குப் பின்னால் ‘மெயில்டூ’ என்னும் முன்னொட்டு மறைந்திருக்கிறது. இதற்கான பொது விதி 1998-இல் ஆர்எஃப்சி 2368 என்னும் இணைய விதிமுறை ஆவணத்தில் வகுக்கப்பட்டு, 2010-இல் ஆர்எஃப்சி 6068 ஆகத் திருத்தப்பட்டது. நீங்கள் அந்தச் சுட்டியைச் சொடுக்கியதும் உலாவி, அதாவது இணையப் பக்கத்தைக் காட்டும் குரோம் போன்ற நிரல், அதை விண்டோஸிடம் தள்ளிவிடுகிறது. விண்டோஸ் தன் பதிவேட்டைப் பார்த்து, மெயில்டூ என்று தொடங்குவதற்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதோ அந்த நிரலைத் திறக்கிறது. பொறுப்பாளராக எழுதப்பட்டிருக்கும் அந்த நிரலுக்குத்தான் இயல்பு மின்னஞ்சல் நிரல் என்று பெயர். திரையில் அது ‘டிஃபால்ட்’ என்று காணப்படும்.

இதை மாற்றினால் பழைய கடிதங்கள் அழிந்துவிடுமோ, முகவரி மாறிவிடுமோ என்னும் அச்சம் புதியவர்களிடம் பொதுவாக இருக்கிறது. கல்லணையில் எந்த ஷட்டரைத் தூக்குகிறார்களோ அதைப் பொறுத்துத் தண்ணீர் காவிரியிலோ வெண்ணாற்றிலோ கல்லணைக் கால்வாயிலோ போகிறது. மேட்டூரில் இருக்கும் தண்ணீருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அதுபோலத்தான் இதுவும். உங்கள் கடிதங்கள் கூகுளின் அல்லது யாகூவின் வழங்கியில், அதாவது அந்த நிறுவனத்தின் கணினியில், இருந்த இடத்திலேயே இருக்கும், கடவுச்சொல் மாறாது, கைப்பேசியில் உள்ள ஜிமெயில் செயலி இதை அறியவே அறியாது. சுட்டியைச் சொடுக்கும்போது எது திறக்கிறது என்பது மட்டுமே மாறும். அப்படித் திறப்பதும் வெறும் எழுதும் பக்கம்தான்; ‘செண்ட்’ பொத்தானை நீங்களாக அழுத்தாத வரை கடிதம் யாருக்கும் போகாது.

மாறாதது இன்னொன்றும் உண்டு. இயல்பு நிரலாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் உங்கள் கணக்கு தானாக அதில் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. இந்த வேலையில் தடுமாறுகிறவர்களில் பலர், கணக்கைச் சேர்க்காமல் நிரலை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடியும் ‘கணக்கைச் சேர்க்கவும்’ என்னும் அறிவிப்பிலேயே வந்து முட்டிக்கொள்கிறார்கள். எனவே வரிசை முக்கியம்: எந்த நிரல் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், அதில் கணக்கைச் சேர்த்து ஒரு கடிதமாவது அனுப்பிப் பார்க்க வேண்டும், அதன் பிறகே அதை இயல்பு நிரலாக்க வேண்டும்.

உலாவியா, தனி நிரலா?

ஜிமெயிலை குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்து படித்துப் பழகியவர்கள், அதையே இயல்பாக வைத்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் எழுதுபவர்களுக்கு இது போதும் என்பதே என் கருத்து.

தனி நிரல் என்பது கணினியில் நிறுவப்பட்டு, கடிதங்களின் பிரதியைக் கணினிக்கே கொண்டுவந்து காட்டுவது. மொஸில்லா குடும்பத்தைச் சேர்ந்த தண்டர்பேர்டு அவற்றில் ஒன்று. அதன் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது, இன்றளவும் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ் 11 கணினிகளில் புதிய அவுட்லுக் ஏற்கெனவே இருக்கும். முன்பு பலர் பயன்படுத்திய விண்டோஸ் மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டு, அதன் இடத்தில் இந்தப் புதிய அவுட்லுக்கை வைத்தது. நீங்கள் கேட்காமலே அவுட்லுக் வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தனி நிரலால் ஒரு குறிப்பான பயன் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, உட்கிராமங்கள் பல நாள்கணக்கில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாமல் கிடந்தன. அத்தகைய நேரத்தில் மடிக்கணினியின் மின்கலத்தில் கொஞ்சம் சார்ஜ் இருந்தால் போதும், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதத்தையோ, வங்கி அனுப்பிய பயிர்க்கடன் விவரத்தையோ தண்டர்பேர்டில் இணையம் இல்லாமலே திறந்து படிக்கலாம். பதில் எழுதி வைத்தால், இணையம் திரும்பியதும் அனுப்பிக்கொள்ளலாம். உலாவியை மட்டும் நம்பியிருப்பவருக்கு, ஜிமெயிலின் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் ஒழிய, இது முடியாது.

மற்றொரு வேறுபாடு கோப்பு அனுப்புவதில் இருக்கிறது. ஒரு படத்தின் மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘செண்ட் டூ’ பட்டியலில் ‘மெயில் ரெசிப்பியண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், தண்டர்பேர்டு போன்ற தனி நிரல் அந்தப் படத்தை இணைத்த நிலையிலேயே எழுதும் பக்கத்தைத் திறக்கும். உலாவியில் ஜிமெயில் பார்ப்பவருக்கு இந்த வசதி கிடைப்பதில்லை. மின்னஞ்சல் நிரல் எதுவும் இல்லை என்ற பிழைச் செய்திதான் வரும். மெயில்டூ சுட்டியால் முகவரியையும் பொருளையும் எடுத்துச் செல்ல முடியுமே தவிர, கோப்பை எடுத்துச் செல்ல முடியாது. ஸ்கேன் செய்த ஆவணங்களையும் பட்டா நகலையும் அடிக்கடி அனுப்புகிறவர்கள் இதைக் கருத்தில் கொண்டு முடிவெடுப்பது நல்லது.

புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது, உங்கள் கடிதங்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிக்கும் ஒத்திசைக்கப்படும் என்று அதுவே ஓர் அறிவிப்பைக் காட்டும். அதில் தவறில்லை என்று நினைப்பவர்கள் தொடரலாம். கடிதங்கள் கூகுளிடமும் தம் கணினியிலும் மட்டும் இருந்தால் போதும் என்று கருதுபவர்களுக்குத் தண்டர்பேர்டு பொருத்தம். கீழே தண்டர்பேர்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு நிரலுக்கும் படிகள் ஏறத்தாழ இவையே.

நிரலை நிறுவிக் கணக்கைச் சேர்த்தல்

தண்டர்பேர்டு.நெட் என்னும் அதன் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டியதும் மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் சில, கேட்ட நிரலோடு கேட்காத நான்கைந்தையும் சேர்த்து நிறுவிவிடும்.

நிரலை முதன்முறை திறந்ததும் உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்கும். இங்கே நீங்கள் எழுதும் பெயர்தான் கடிதம் பெறுபவருக்குத் தெரியும், தமிழிலும் எழுதலாம். ஜிமெயில், யாகூ போன்ற பெரிய சேவைகளுக்கு வழங்கியின் முகவரி, எண் முதலிய விவரங்களைத் தண்டர்பேர்டே கண்டுபிடித்து நிரப்பிக்கொள்ளும். ஐமேப், பாப் என்று இரண்டு வழிகளைக் காட்டினால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். பாப் என்பது கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறை. அமைப்பைப் பொறுத்து, இறக்கிய பின் வழங்கியிலிருந்து அழித்தும் விடும். ஐமேப்பில் கணினியும் கைப்பேசியும் ஒரே கடிதக்கட்டைப் பார்க்கின்றன. இதனால் விளையும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கணினியில் ஒரு கடிதத்தை அழித்தால் கைப்பேசியிலும் அது மறைந்துவிடும். இடத்தைக் காலி செய்கிறேன் என்று கணினியில் உள்ளதை மொத்தமாக அழிப்பது பெரிய இழப்பில் போய் முடியும்.

அடுத்து கூகுளின் நுழைவுச் சாளரம் ஒன்று திறக்கும். கடவுச்சொல்லை அந்தச் சாளரத்தில்தான் தர வேண்டும். இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருந்தால், கைப்பேசிக்கு வரும் கேள்விக்கு ‘யெஸ்’ சொல்ல வேண்டும். பிறகு தண்டர்பேர்டுக்கு அனுமதி தருவதாக ‘அலவ்’ பொத்தானை அழுத்த வேண்டும். முன்பெல்லாம் ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய் ஐமேப்பை இயக்கிவிட்டு வர வேண்டியிருந்தது. தனிநபர் கணக்குகளில் 2025 ஜனவரி முதல் அது எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருப்பதால், பழைய வழிகாட்டிகளில் காணும் அந்தப் படியை இப்போது தேட வேண்டாம். அதிகம் பேசப்படாத வேறு சேவைகளில் பழைய கணக்கு வைத்திருப்பவர்கள், அங்கே ஐமேப் வசதி உண்டா என்பதை அந்தந்தச் சேவையின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டு இறங்கலாம்.

கடிதங்கள் அனைத்தையும் தண்டர்பேர்டு கணினிக்கு இறக்கத் தொடங்கும். ஆண்டுக்கணக்கான ஜிமெயில் கடிதங்கள் பல ஜிபி அளவுக்கு இருக்கக்கூடும் என்பதால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்தால் அன்றைய டேட்டா முழுவதும் கரைந்துபோகும். அகண்ட அலைவரிசை இணைப்பு இல்லாதவர்கள் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சின்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ்’ என்பதைத் திறந்து, அண்மை நாள்களின் கடிதங்களை மட்டும் வைத்துக்கொள்ளும்படி எண்ணைக் குறைத்துவிடலாம்.

இப்போது உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள்; அது போய்த் திரும்பி வந்தால் கணக்கு சரியாக அமைந்திருக்கிறது. தமிழில் எழுதுவதாக இருந்தால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையாகிய ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்ய வேண்டும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய மனுவை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், பெறுபவருக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். அதை நிரலின் குற்றமாக நினைத்து மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஒருங்குறிக்கு மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் கேட்கலாம், அல்லது பிடிஎஃப் கோப்பாக வாங்கி இணைத்து அனுப்பலாம்.

விண்டோஸ் 11-இல் மாற்றும் முறை

விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தியபடி ‘ஐ’ விசையைத் தட்டினால் ‘செட்டிங்ஸ்’ திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் ‘ஆப்ஸ்’, அதற்குள் ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்று செல்லுங்கள். அங்கே இரண்டு தேடல் பெட்டிகள் இருக்கும். மேலே இருப்பது கோப்பு வகை அல்லது சுட்டி வகையைத் தேடுவதற்கு. கீழே இருப்பது நிரலின் பெயரைத் தேடுவதற்கு. இரண்டில் எதன் வழியாகவும் போகலாம், ஆனால் புதியவர்களுக்கு மேலே உள்ளதே எளிது.

அந்தப் பெட்டியில் மெயில்டூ என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டினால், அதே சொல் பெரிய எழுத்துகளில் தோன்றி, அதனுடன் இப்போது பொறுப்பில் இருக்கும் நிரலின் பெயரும் காட்டப்படும். அதைச் சொடுக்கியதும் கணினியில் உள்ள தகுதியான நிரல்களின் பட்டியல் விரியும். தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுத்து ‘செட் டிஃபால்ட்’ பொத்தானை அழுத்துங்கள். பட்டியலில் தண்டர்பேர்டு இல்லை என்றால், அது இன்னும் சரியாக நிறுவப்படவில்லை என்று பொருள்.

பிறகு கீழ்ப்பெட்டியில் தண்டர்பேர்டு என்று தேடி அதன் பக்கத்தைத் திறந்தால், அது கையாளக்கூடிய வகைகள் யாவும் வரிசையாகத் தெரியும். அவற்றில் இஎம்எல் என்பதையும் தண்டர்பேர்டுக்கே மாற்றிவிடுங்கள். சேமித்து வைத்த கடிதம் ஒன்றை யாராவது பென்டிரைவில் தந்தால் அது இந்த வகைக் கோப்பாகத்தான் இருக்கும். நாள்காட்டிக்கான ஐசிஎஸ் வகையைத் தேவைப்பட்டால் மாற்றலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

தண்டர்பேர்டு திறக்கும்போதே, தன்னை இயல்பு நிரலாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கும் சிறு பெட்டி ஒன்றைக் காட்டும். அதில் சம்மதம் தெரிவித்தாலும் விண்டோஸின் அமைப்புகளுக்குள் போய் மேலே சொன்ன மாற்றத்தை நீங்களே செய்து முடிப்பதுதான் உறுதியானது. நிரல்கள் பயனரைக் கேட்காமல் தாமாகவே இடம் பிடித்துக்கொள்வதைத் தடுப்பதற்காக, இறுதிச் சொல்லை விண்டோஸ் பயனரிடமே விட்டிருக்கிறது. கொஞ்சம் எரிச்சலூட்டினாலும் நியாயமான ஏற்பாடு இது.

விண்டோஸ் 10-இல் வேலை இன்னும் சுருக்கமானது. அதே ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ பக்கத்தில் ‘இமெயில்’ என்னும் தலைப்பின் கீழ் இருக்கும் நிரலின் பெயரைச் சொடுக்கி, வருகிற பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டது என்பதை அதைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டும். மின்னஞ்சல் வழியாகத்தான் பல தொல்லைகள் உள்ளே வருகின்றன. எனவே நிரலை மாற்றுவதோடு, விண்டோஸைப் புதுப்பிப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்.

உலாவியிலேயே ஜிமெயிலை இயல்பாக்குதல்

இதில் இரண்டு கதவுகள் உள்ளன, இரண்டையும் திறந்தாக வேண்டும். மெயில்டூ வகைக்குப் பொறுப்பாளராக விண்டோஸ் அமைப்பில் குரோமைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. குரோம் அதை வாங்கி ஜிமெயிலிடம் தரும்படி குரோமுக்குள் அமைப்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் செய்தவர்களுக்குத்தான், சுட்டியைச் சொடுக்கினால் வெற்றுப் பக்கம் திறக்கிறது அல்லது ஒன்றுமே நடக்கவில்லை என்னும் குறை வருகிறது.

குரோமில் ஜிமெயிலைத் திறந்து உள்நுழைந்த பிறகு, மேலே முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு சாய்சதுரங்கள் போன்ற ஒரு சிறு குறி இருக்கும். அதைச் சொடுக்கினால், மின்னஞ்சல் சுட்டிகளை ஜிமெயிலில் திறக்க அனுமதிக்கலாமா என்று கேட்கும். ‘அலவ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். குறி தென்படவில்லை என்றால், முன்பு எப்போதோ யாரோ மறுப்புத் தெரிவித்திருக்கலாம். குரோமின் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘அடிஷனல் பெர்மிஷன்ஸ்’, ‘புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ்’ என்று வரிசையாக உள்ளே போனால் அந்த மறுப்பை நீக்கலாம். நீக்கிவிட்டு ஜிமெயில் பக்கத்தைப் புதுப்பித்தால் குறி மீண்டும் தோன்றும்.

ஃபயர்ஃபாக்ஸில் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘ஜெனரல்’ பிரிவில் கீழே இறங்கினால் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்னும் பட்டியல் வரும். அதில் மெயில்டூ வரிசையைச் சொடுக்கி, ‘யூஸ் ஜிமெயில்’ என்று மாற்றினால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் பார்க்கும் பக்கங்களுக்கு இதுவே போதுமானது. பிற நிரல்களிலிருந்து வரும் சுட்டிகளுக்கு மட்டும் விண்டோஸ் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ விசையை அழுத்தினால் ‘ரன்’ என்னும் சிறு பெட்டி வரும். அதில் மெயில்டூ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியையே தட்டி ‘என்டர்’ விசையை அழுத்துங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த நிரல் திறந்து, பெறுநர் இடத்தில் அந்த முகவரி நிரம்பியிருந்தால் மாற்றம் நிலைத்துவிட்டது. இணையப் பக்கம் ஒன்றைத் தேடி அலைவதைவிட இது நம்பகமான சோதனை, ஏனென்றால் இங்கே உலாவியின் குறுக்கீடு இல்லை. இந்தச் சோதனையில் சரியாக வந்து, இணையப் பக்கத்தில் மட்டும் தவறாக வந்தால், கோளாறு உலாவியின் அமைப்பில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தனி நிரல் வைத்திருப்பவர்கள் முன்சொன்ன ‘செண்ட் டூ’ வழியையும் சோதிக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் வலப்பொத்தான் பட்டியலின் அடியில் உள்ள ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதைச் சொடுக்கினால்தான் அந்த வரி தெரியும். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவேட்டுத் தளத்திலிருந்து இறக்கிய பட்டாவின் பிடிஎஃப் கோப்பை இப்படியே வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பலாம். ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 எம்பி வரையே இணைக்க முடியும் என்பதால், கைப்பேசியில் எடுத்த பத்திரப் படங்களை மொத்தமாகச் சேர்த்து அனுப்புவோர் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவட்ட நிர்வாகத் தளங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் திறக்கவில்லை என்று கலங்குவோரும் உண்டு. அரசுத் தளங்கள் பலவற்றில் மின்னஞ்சல் முகவரிகள் சுட்டியாக இருப்பதில்லை. முகவரிகளைத் தானாகத் திரட்டும் நிரல்களிடமிருந்து தப்பிப்பதற்காக, நடுவில் வர வேண்டிய குறிக்குப் பதிலாக ‘அட்’ என்றும், புள்ளிக்குப் பதிலாக ‘டாட்’ என்றும் சதுர அடைப்புக்குள் எழுத்தால் எழுதியிருப்பார்கள். அங்கே சொடுக்கிப் பயனில்லை. முகவரியை நகலெடுத்து, எழுதும் பக்கத்தில் ஒட்டி, அந்த இரண்டு சொற்களையும் அடைப்புகளோடு நீக்கிவிட்டு உரிய குறிகளை இட வேண்டும். 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள், பழைய முகவரிப் புத்தகத்தில் இன்னும் நாகப்பட்டினத்து அலுவலகங்களின் முகவரிகள் இருந்தால், இந்தக் கையோடு அவற்றையும் திருத்திக்கொள்வது நல்லது.

ஒரு கணினி, பல பேர்

இயல்பு நிரல் என்பது கணினி முழுமைக்குமான ஏற்பாடு அன்று. விண்டோஸில் உள்ள ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. தாத்தா, மருமகள், கல்லூரிக்குப் போகும் பேத்தி ஆகிய மூவரும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில், ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்திருந்தால் ஒருவர் செய்த மாற்றம் மற்றவரைத் தொடாது. எல்லோரும் ஒரே பயனர் கணக்கில் நுழைவதாக இருந்தால் சிக்கல் வரும். குரோமில் பல ஜிமெயில் கணக்குகள் திறந்திருக்கும்போது, மெயில்டூ சுட்டி முதலில் உள்நுழைந்த கணக்கில்தான் எழுதும் பக்கத்தைத் திறக்கும். பேத்தியின் பெயரில் தாத்தாவின் கடிதம் கூட்டுறவு வங்கிக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். தண்டர்பேர்டில் பல கணக்குகள் இருந்தால், ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் உள்ள ‘அக்கவுண்ட் ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலில் ‘செட் அஸ் டிஃபால்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து எது முதன்மை என்று சொல்லிவிடலாம். எப்படியிருந்தாலும் அனுப்பும் முன் ‘ஃப்ரம்’ என்னும் இடத்தில் யார் முகவரி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவற்றில் எந்தப் படிக்கும் வேறொருவர் தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க வேண்டிய அவசியம் இல்லை. மின்னஞ்சலைச் சரிசெய்து தருவதாகத் தொலைபேசியில் யாரேனும் தாமாகவே அழைத்து, ஒரு செயலியை நிறுவச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பக்கத்து ஊர்க் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதாக இருந்தாலும், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் கூட இருந்து நீங்களே தட்டுங்கள்.

மேக், லினக்ஸ்

ஆப்பிள் மேக் கணினியில், அதனுடன் வரும் ‘மெயில்’ நிரலைத் திறந்து, அதன் ‘செட்டிங்ஸ்’ சாளரத்தில் ‘ஜெனரல்’ பகுதியில் உள்ள ‘டிஃபால்ட் இமெயில் ரீடர்’ என்னும் இடத்தில் வேண்டிய நிரலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நிரலைக் கைவிடுவதற்கு அந்த நிரலுக்குள்ளேயே போக வேண்டியிருப்பது விசித்திரம்தான். விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படும் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவில் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்’ என்பதற்குள் ‘மெயில்’ வரிசை இருக்கும். புதிய பதிப்புகளில் அது ‘ஆப்ஸ்’ பிரிவுக்குள் போயிருக்கிறது. மாணவர்களுக்கு அரசு வழங்கிய பழைய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்னும் இன்னொரு லினக்ஸ் வகையும் இருக்கும். அதிலும் அமைப்புகளுக்குள் இதே பெயரில் தேடினால் கிடைத்துவிடும்.

பழைய நிரலை எப்போது நீக்கலாம்?

அவசரப்படாதீர்கள். பழைய நிரலில் கணக்கு ஐமேப் முறையில் இருந்திருந்தால் கடிதங்கள் எல்லாம் வழங்கியில் இருக்கும், புதிய நிரலிலும் அவை தெரியும், நீக்குவதில் ஆபத்தில்லை. பாப் முறையில் இருந்திருந்தால் நிலைமை வேறு. விண்டோஸ் லைவ் மெயில் போன்ற பழைய நிரல்களில் பாப் வழியாக இறக்கிய கடிதங்கள் அந்த வன்தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். பழைய நிரலில் பத்தாண்டுக்கு முந்தைய கடிதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை உலாவியில் ஜிமெயிலைத் திறந்து தேடிப் பாருங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் நிரலைத் தொடக் கூடாது. விண்டோஸ் லைவ் மெயில் ஒவ்வொரு கடிதத்தையும் தனி இஎம்எல் கோப்பாக வைப்பதால், அந்தக் கோப்புறைகளை முதலில் பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுத்து வைக்க வேண்டும். பிறகு ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி’ என்னும் இலவசத் துணைநிரலைத் தண்டர்பேர்டில் சேர்த்து, அதன் வழியாக முழுக் கோப்புறையையும் உள்ளே கொண்டுவரலாம்.

எல்லாம் வந்துவிட்டதா என்று பழைய கடிதங்கள் சிலவற்றை இணைப்புகளோடு திறந்து பார்த்துவிட்டு, ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்று போய்ப் பழையதை நீக்கலாம். நீக்கிய பிறகும், விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்து முடிந்த பிறகும், ‘ரன்’ பெட்டிச் சோதனையை மறுபடியும் ஒருமுறை செய்து பாருங்கள். இயல்பு நிரல் மாறியிருந்தால், கணக்கைத் தொட வேண்டியதில்லை, மெயில்டூ வரிசையை மட்டும் திருப்பி அமைத்தால் போதும்.